அப்பாவின் கழுத்து ரத்தக்குழாயும் மாதம் 3,400 ரூபாய்ப் பொடியும்

கொழுப்பு என்றால் மாரடைப்பு. எங்கள் வீட்டில் அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. கழுத்து வழியாக மூளைக்கு ஏறும் ரத்தக்குழாயிலும் அதே கொழுப்பு படியும், அங்கே படிந்தால் கை, கால், பேச்சு என்று எது வேண்டுமானாலும் போகலாம் என்பதை ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றுகொண்டுதான் கேட்டேன். போன வருஷம் மே மாதம், அக்னி நட்சத்திரத்தில், ஆற்காட்டில் எங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அம்மா இல்லை. தம்பி குவைத்தில். கையெழுத்துப் போடுவது, பணம் புரட்டுவது, ராத்திரி பெஞ்சில் படுப்பது எல்லாம் நான் ஒருத்திதான். இதை முன்னாடியே யாராவது சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அப்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதனால்தான் எழுதுகிறேன். மண்டிக் கணக்குப்பிள்ளையின் மகள் என்பதால் நடுநடுவே ரூபாய்க் கணக்கும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு அப்போது 64 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். குச்சி மாதிரி உடம்பு, ஆனால் பீடி இல்லாமல் பேரேட்டைத் திறக்க மாட்டார். ஒரு முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கெட்ட கொழுப்பு என்கிறார்களே, அந்த எல்.டி.எல். 178 இருந்தது. பிரஷரும் இருந்தது. இரண்டுக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். "இந்த ஒடம்புல கொழுப்பு எங்க கீது?" என்று எதிர்வீட்டு அத்தை அப்பாவின் கையைத் தூக்கிக் காட்டினார். ரத்தத்தில் ஓடும் கொழுப்பில் பெரும்பங்கு நம் ஈரலே தயாரிப்பது. ஒல்லியாக இருப்பவருக்கும் அது ஏறலாம், பரம்பரையாகவும் வரலாம். இடுப்புச் சுற்றளவை வைத்து அதைச் சொல்ல முடியாது, ரத்தம் எடுத்தால்தான் தெரியும்.

அப்பாவுக்கு மண்டியில் பழக்கமான ஒருவர் வேலையை விட்டுவிட்டு, ஆள் சேர்த்துச் சத்துப் பொடி விற்கும் கூட்டத்தில் இருந்தார். ஒரு நாள் செல்போனில் வீடியோவோடு வீட்டுக்கு வந்தார். உடம்பில் ஃப்ரீ ராடிக்கல் என்று, எதனோடும் சட்டென்று வினைபுரியும் துகள் ஒன்று சுற்றுகிறது, அது ரத்தக்குழாயை அரிக்கிறது, அதை இந்தப் பொடியில் இருக்கும் ஆன்டி ஆக்சிடன்ட் பிடித்துக் கட்டிப்போடும், கொழுப்பு மாத்திரை ஈரலைக் கெடுக்கும், மூளைக்குக் கொழுப்பு வேண்டும், அதைக் குறைத்தால் ஞாபக மறதி வரும். இப்படி ஒரே மூச்சில் சொன்னார். நான் வேலைக்குப் போயிருந்த நேரம். டப்பா 3,400 ரூபாய், ஒரு மாதத்துக்கு. அப்பா தன் சேமிப்பிலிருந்து கொடுத்திருக்கிறார். அதுவாவது பரவாயில்லை, மாத்திரையை நிறுத்திவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. மாதாமாதம் நான் வாங்கி வைத்த அட்டைகள் பிரிக்காமல், ரப்பர் பேண்ட் போட்டு, முருகர் படத்துக்குப் பின்னால் இருந்தன. பக்கவாதம் வந்த பிறகு வீட்டைப் பெருக்கியபோதுதான் கண்டுபிடித்தேன். அவ்வளவு ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

முதல் எச்சரிக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. டீ டம்ளர் அப்பாவின் வலது கையிலிருந்து நழுவியது. "என்னப்பா?" என்று கேட்டால் பதில் வருகிறது, ஆனால் வார்த்தையாக இல்லை, வாயில் வெற்றிலை அடக்கிக்கொண்டு பேசுவதுபோல ஒரு சத்தம். கையைத் தூக்கச் சொன்னேன், பாதியில் தொங்கியது. ஆட்டோ வருவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. பேச்சும் வந்துவிட்டது. "வெயிலுக்குத் தல சுத்திச்சும்மா, இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி" என்றார். விடாமல் பக்கத்துக் கிளினிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்தவர், வெயிலில் நீர்ச்சத்துக் குறைந்துவிட்டது, கேஸும் இருக்கிறது என்று சொல்லி ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, 650 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். கை ஏன் தொங்கியது என்று திரும்பக் கேட்டேன். "நரம்பு வீக்னஸ்" என்றார்.

இது எதுவும் வெயில் இல்லை. ரத்தக்கட்டி ஒன்று மூளை ரத்தக்குழாயில் வந்து சிக்கி, தானாகக் கரைந்து, ரத்த ஓட்டம் திரும்பியிருக்கிறது. டி.ஐ.ஏ. என்கிறார்கள், வழக்கில் மினி ஸ்ட்ரோக். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் சரியாகிவிடும், அதுதான் ஏமாற்று. அதற்குப் பின்னால் பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து அடுத்த இரண்டு நாட்களில் மிக அதிகம், சில வாரங்கள் வரைக்கும் நீடிக்கும். அந்த இடைவெளியில் ஸ்கேன் எடுத்து, கழுத்து ரத்தக்குழாயில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று டாப்ளர் ஸ்கேனில் பார்த்து, சரியான மாத்திரையை ஆரம்பித்தால் பலருக்குப் பெரியது வராமலே தடுத்துவிடலாம். ஒரு பக்கம் கை தொங்கினாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கண் திடீரென்று திரை போட்டதுபோல மறைந்தாலோ, பத்து நிமிஷத்தில் சரியாகிப்போனாலும் சரி, அன்றைக்கே சி.டி. ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குளுக்கோஸ் ஏற்றுகிறேன் என்பவரிடம் உட்கார வேண்டாம்.

எங்களுக்கு அந்த வாரம் முடிவதற்குள்ளேயே பெரியது வந்துவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு அப்பா எழுந்து பாத்ரூம் போனார், மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொன்னார், நன்றாகத்தான் பேசினார். ஐந்தே முக்காலுக்கு நான் எழுந்து பார்த்தபோது வாய் இடது பக்கம் இழுத்திருந்தது, வலது காலும் கையும் சுத்தமாக அசையவில்லை. கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் 108-க்குப் போன் எடுத்த நேரத்தில் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்று சித்தப்பா முறை ஒருவர் தன் காரில் தூக்கிப் போட்டு, பக்கத்து நர்சிங் ஹோமுக்கு ஓட்டினார். அங்கே படுக்க வைத்து, ஊசி போட்டு, டாக்டருக்குப் போன் செய்து, அவர் வந்து பார்த்துவிட்டு, இங்கே சி.டி. இல்லை, வேலூர் கொண்டுபோங்கள் என்று சொல்லும்போது மணி ஏழேகால். பில் 6,800 ரூபாய். அதைக் கட்டும் வரை ஸ்ட்ரெச்சர் நகரவில்லை. மேல்விஷாரம், ரத்தினகிரி தாண்டி வேலூர் போய், ஸ்கேன் எடுத்து முடியும்போது எட்டேகால் ஆகிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி: "கடைசியாக நல்லா இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?" மூன்று மணி என்றேன். டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான், அதற்கு மேல் போனால் மூளையில் ரத்தக்கசிவு ஆகும் ஆபத்து பொதுவாக நன்மையை மிஞ்சிவிடும் என்றார். மூன்றும் நாலரையும் ஏழரை. ஏழேகால் வரை நாங்கள் ஸ்கேன் இல்லாத கட்டிலில் இருந்தோம். பெரிய குழாய் அடைத்திருந்தால் தொடை வழியாகக் கம்பி விட்டுக் கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சை உண்டு, தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைக்கும்கூடச் செய்கிறார்கள். அப்பாவுக்கு அடைத்தது கம்பி போகாத சிறு கிளை. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் யாரிடமும் பேசவே முடியவில்லை. சித்தப்பா பாவம், உதவத்தான் வந்தார், அவரிடமும் பேசவில்லை.

ஆகவே உங்கள் வீட்டிலிருந்து எந்த ஆஸ்பத்திரியில் ராத்திரியும் சி.டி. எடுக்கிறார்கள், பக்கவாதத்துக்கு ஊசி போடுகிறார்கள் என்று இன்றைக்கே விசாரித்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். 108-ல் சொல்லும்போது "பக்கவாதம் மாதிரி இருக்கிறது" என்ற வார்த்தையைச் சொல்லுங்கள், "மயக்கம்" என்று சொல்லாதீர்கள். இன்னொன்று, எங்கள் வீட்டில் அத்தை சோடா வாங்கி வந்து அப்பாவின் வாயில் ஊற்றப் பார்த்தார். பக்கவாதத்தில் விழுங்கும் தசையும் போயிருக்கலாம், ஊற்றுவது நுரையீரலுக்குப் போய்விடும். தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. மாரடைப்புக்குக் கொடுப்பதுபோல ஆஸ்பிரினும் கொடுக்கக் கூடாது. அடைப்பா ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதை இன்னும் மோசமாக்கும்.

மூன்றாம் நாளோ என்னவோ, டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண், சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் இரண்டு கோடு இழுத்து எனக்கு விளக்கினார். கழுத்தில் கரோடிட் என்ற ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம் இருக்கிறது. பிரியும் இடத்தில் ரத்தம் சீராக ஓடாமல் சுழலும், அதனால் கொழுப்பு படிய அது வசதியான இடம். குழாயின் உள்பக்கத்தில் ஒற்றை வரிசையாகச் செல்கள் இருக்கின்றன. பீடிப் புகை, பிரஷர், சர்க்கரை, எல்லாம் அந்த வரிசையைப் புண்ணாக்குகின்றன. ரத்தத்தில் எல்.டி.எல். அதிகமாக இருந்தால் அது அந்தச் செல்களைத் தாண்டிச் சுவருக்குள் புகுந்து தங்குகிறது. உள்ளே ஃப்ரீ ராடிக்கல்கள் அதைத் தாக்கி ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. தீபாவளி முறுக்கு டப்பாவில் ஒரு மாதம் கிடந்தால் காறல் அடிக்குமே, எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போவது, கிட்டத்தட்ட அதுதான் சுவருக்குள் நடக்கிறது. காறிப்போன கொழுப்பை வெள்ளை அணுக்கள் அந்நியப் பொருள் என்று நினைத்து விழுங்குகின்றன, விழுங்கி விழுங்கி வீங்கி அங்கேயே சாகின்றன. அந்தக் குவியல்தான் படிவு. அதன் மேல் மெல்லிய மூடி ஒன்று உருவாகும். மூடி வெடித்தால் அதன்மேல் ரத்தம் உறையும், உறைந்த துண்டு பிய்த்துக்கொண்டு நேராக மூளைக்குப் பறக்கும்.

அப்பாவுக்குக் குழாய் பாதிகூட அடைத்திருக்கவில்லை, 45 சதவீதம்தான். ஆனால் படிவின் மேல்பக்கம் கிழிந்திருந்தது. எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதைவிட மூடி எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பது சில நேரம் முக்கியமாகிவிடுகிறது என்றார் டாக்டர். 70 சதவீதத்துக்கு மேல் இருந்திருந்தால் கழுத்தில் அறுவை சிகிச்சை பற்றிப் பேசியிருப்பார்களாம்.

அடுத்து எம்.ஆர்.ஐ. படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். மூளையின் உள்பகுதியில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள். இவை இப்போது வந்தவை இல்லை, வருஷக்கணக்கானவை என்றார். மூளையின் எடை உடம்பில் 2 சதவீதம்தான், ஆனால் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது, சேமித்து வைக்கவும் அதற்கு வழியில்லை. ரத்தக்குழாய்ச் சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்துதான் தேவைக்கு ஏற்ப விரிகிறது. ஃப்ரீ ராடிக்கல்கள் அந்த வாயுவை அழித்துவிடும். குழாய் விரிய வேண்டிய நேரத்தில் விரியாது. மயிரிழை போன்ற குழாய்கள் அப்படியே தடித்து, சுற்றியிருக்கும் பகுதிக்கு ரத்தம் குறைந்துகொண்டே போகும், அப்படிப் பாதித்த இடங்கள்தான் அந்த வெள்ளைத் திட்டுகள். இதைக் கேட்டதும் எனக்கு ஒன்று புரிந்தது. நான்கு இலக்கக் கூட்டலை மனசிலேயே போடும் மனுஷன், ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னாலேயே கால்குலேட்டர் கேட்க ஆரம்பித்திருந்தார். வயசாகிறது என்று விட்டிருந்தோம். அந்த மாதிரி மந்தம் தெரிந்தால் பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

பொடிக்காரர் சொன்னதையும் டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. ஃப்ரீ ராடிக்கல் விஷயம் உண்மைதான், அதைக் காட்டி விற்பதுதான் தப்பு என்றார். 2002-ல் பிரிட்டனில் 20,000 பேருக்கு மேல் வைத்து ஒரு பெரிய ஆய்வு முடிந்திருக்கிறது. ஆன்டி ஆக்சிடன்ட்களான வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் ஐந்து வருஷம் கொடுத்தும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. அதே ஆய்வில் ஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் கால் பங்கு குறைந்தது. காறிப்போவதைத் தடுக்கக் காறிப்போகும் சரக்கையே குறைப்பதுதான் வேலை செய்கிறது. மூளைக்குக் கொழுப்பு வேண்டும் என்பதும் பாதி உண்மை. உடம்பின் கொலஸ்ட்ராலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மூளையில்தான் இருக்கிறது. ஆனால் மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும், ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். மூளையின் தடுப்பைத் தாண்டி உள்ளே போவதில்லை. ஈரலைப் பொறுத்தவரை ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளலாம், பெரிய கெடுதல் அபூர்வம். சிலருக்குத் தசைவலி வரும். சர்க்கரை கொஞ்சம் ஏறலாம். வந்தால் டாக்டரிடம் சொல்லி அளவையோ மாத்திரையையோ மாற்றிக்கொள்ளலாம், நாமாக நிறுத்தக் கூடாது.

இப்போது பணம். பொடிக்குப் போனது 20,000-த்துக்கு மேல். அட்டை அட்டையாக முருகருக்குப் பின்னால் கிடந்த மாத்திரை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று ரூபாய்தான், மக்கள் மருந்தகத்தில் இன்னும் குறைவு. ஆஸ்பத்திரி பில் 1,42,000. நகை அடகு வைத்துக் கட்டினேன், வட்டி இன்னும் ஓடுகிறது. இதில் என் வயிறு எரிந்த கதை ஒன்று உண்டு. நான் ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், சம்பளம் 21,000-க்குள் என்பதால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு, மாதாமாதம் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். நம்மைச் சார்ந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் அதில் சிகிச்சை உண்டு. சேர்ந்தபோதே அப்பா பெயரைப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு பார்த்தால் கார்டில் என் பெயர் மட்டும்தான் ஏறியிருக்கிறது. கேட்டதற்கு "சிஸ்டத்துல விட்டுப்போச்சு போல" என்றார்கள். அவ்வளவுதான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், என் சம்பளம் அதைத் தாண்டுகிறது. ஆக எந்த வாசலும் திறக்கவில்லை. இ.எஸ்.ஐ. இருக்கிறவர்கள் தயவுசெய்து ஆன்லைனில் போய் யார் யார் பெயர் ஏறியிருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். இப்போது அப்பா பெயர் ஏறிவிட்டது, மாத்திரை எல்லாம் அங்கேயே வாங்குகிறோம்.

வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்கு வைத்தியம். புறா ரத்தம் தேய் என்றார் ஒருவர். ஆந்திரா எல்லையில் ஒரு ஊரில் பக்கவாதத்துக்கு மருந்து கொடுக்கிறார்கள், நாலு பேர் நடந்திருக்கிறார்கள் என்று அத்தை ஒற்றைக் காலில் நின்றார். மாத்திரை ஒரு வேளைகூட நிற்காது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனேன். கார் வாடகை 3,500, எண்ணெய் 800. எண்ணெய் தேய்த்ததில் கெடுதல் ஒன்றும் இல்லை, அப்பாவுக்கும் மனசுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் காலை நடக்க வைத்தது பிசியோதெரபிதான். வீட்டுக்கு வந்து செய்ய ஒரு தடவைக்கு 400 ரூபாய் கேட்டார்கள். கட்டுப்படியாகாமல் அரசு மருத்துவமனைக்கு மாறினோம், அங்கே இலவசம், கூட்டம்தான் தாங்காது. முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக வரும், அந்த நேரத்தை வைத்தியம் தேடி அலைவதில் விட்டுவிடாதீர்கள். என் பங்குக்குச் சம்பளமில்லாத விடுப்பில் இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. ராத்திரியில் அவருக்குத் துணி மாற்றும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கும் சில நாள் அலுப்பில் சுள்ளென்று வார்த்தை வந்துவிடும். பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லோருக்கும் வரும், அதற்காக உடைந்துபோக வேண்டாம்.

சமையலில் பெரிய புரட்சி எதுவும் செய்யவில்லை. ரேஷன் பாமாயிலை நிறுத்திவிட்டு, கடலை எண்ணெயை அளந்து ஊற்றுகிறேன். பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) அதிகம், அது எல்.டி.எல்.லை ஏற்றும். பஸ் ஸ்டாண்டு பஜ்ஜி கட். காய்ந்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் சட்டியிலேயே அது ஆக்சிஜனேற்றம் ஆகிவிடுகிறது. எங்கள் ஊர் இனிப்பான மக்கன் பேடாவைக் கேட்டால்தான் சங்கடம், ஆற்காட்டுக்காரரிடம் அதை எப்படி மறுப்பது, பொங்கலுக்கு ஒன்று என்று ஒப்பந்தம். முள் கத்திரிக்காய், கீரை, கொள்ளு, மீன் குழம்பு எல்லாம் பழையபடி. பீடியை டாக்டர் மிரட்டியதில் விட்டார். எல்.டி.எல். 70-க்குக் கீழே இருக்க வேண்டும் என்றார்கள், கடைசியாகப் பார்த்தபோது 64. "அதான் கொறஞ்சிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திர?" என்கிறார். மாத்திரையால்தான் குறைந்திருக்கிறது, நிறுத்தினால் ஏறிவிடும் என்று ஒவ்வொரு மாதமும் சொல்கிறேன். இப்போது மாத்திரையை என் கையால்தான் கொடுக்கிறேன்.

எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தேன், 39 வயதில் எல்.டி.எல். 146. உணவையும் நடையையும் சரிப்படுத்திக்கொண்டு மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கூடவே லிப்போபுரோட்டீன் ஏ என்று, எல்.டி.எல். மாதிரியான இன்னொரு கொழுப்புத் துகளை அளக்கும் பரிசோதனையையும் ஒரே ஒரு முறை செய்துகொள்ளச் சொன்னார், அது பரம்பரையாக வருவதாம், நம் ஊர்க்காரர்களிடம் அதிகமாகப் பார்க்கிறார்களாம். தம்பியிடம் போனில் சொன்னால், "எனக்கு 35 தானேக்கா ஆகுது" என்கிறான். டிசம்பரில் லீவுக்கு வருகிறான். வந்த மறுநாளே லேபுக்குக் கூட்டிப்போக வேண்டும்.